72 மணி நேரமும் எழுதப்படாத விலையும்

பெங்களூரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குள் நுழைபவர் கட்டண முகப்பையும் மருந்தகத்தையும் தேட வேண்டியதில்லை. அவை தாமாகவே எதிர்ப்படும். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவைத்தான் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். ஊழியர்கள் எம்.ஆர்.டி. என்று சுருக்கி வழங்கும் அப்பிரிவு பெரும்பாலும் கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோ ஒற்றைச் சாளரத்துடன் இருக்கும். அங்கு வந்து நிற்பவர்களில் காப்பீட்டு நிறுவனம் கேட்ட தாளுக்காக வந்தவர்கள் உண்டு. வேலூருக்கோ சென்னைக்கோ சென்று மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புபவர்கள் உண்டு. வீட்டில் ஒருவரை இழந்து, கடைசி இரவில் என்னதான் நடந்தது என்று அறிய வந்தவர்களும் உண்டு. எல்லாரிடமும் கேட்கப்படுவது ஒன்றே: விண்ணப்பம், அடையாள அட்டை, பணம் கட்டிய ரசீது. கட்டணம் எவ்வளவு என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் இடமும் உண்டு. கோப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் இடமும் உண்டு. பழைய கோப்பைத் தேடி எடுப்பதற்குத் தனியாக வாங்கும் இடமும் உண்டு. எந்தச் சட்டத்தின்கீழ் இத்தொகை நிர்ணயிக்கப்பட்டது என்று சாளரத்தின் அப்பால் இருப்பவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. அது அவர் குறையன்று. அப்படியொரு சட்டம் இல்லை.

நோயாளி வீடு திரும்பும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு எவரும் பணம் கேட்பதில்லை. இரண்டு மூன்று பக்கங்கள் கொண்ட அத்தாள், நிகழ்ந்து முடிந்த சிகிச்சையைப் பற்றி மருத்துவமனை பின்னர் அமர்ந்து எழுதும் சுருக்கம். சேர்க்கையின்போது இருந்த நிலை, செய்யப்பட்ட அறுவை, கொடுக்கப்பட்ட மருந்து, மீண்டும் வர வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கும். கேஸ் ஷீட் எனப்படும் உள்நோயாளிக் கோப்பு வேறு வகைப்பட்டது. மணிக்கு மணி குறிக்கப்பட்ட நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும், எந்த மருந்து எத்தனை மணிக்கு யார் கையால் செலுத்தப்பட்டது என்ற பட்டியல், மயக்க மருந்து நிபுணரின் குறிப்பு, கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம், இரவுப் பணிச் செவிலியரின் குறிப்பு, மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்த நேரம், அவர் வந்து சேர்ந்த நேரம் என்று நிகழ்ந்த கணத்திலேயே எழுதப்பட்டவை அதில் அடங்கும். சுருக்கத்தில் ‘நோயாளியின் நிலை திடீரென மோசமடைந்தது’ என்று ஒரு வரி இருக்கும். அந்தத் ‘திடீரென’ என்பதற்குள் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்பதைச் செவிலியரின் குறிப்பேடுதான் சொல்லும். விலை வைக்கப்படுவது இந்த இரண்டாவது கோப்புக்குத்தான்.

இக்கோப்பைப் பெறும் உரிமை இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. இந்திய மருத்துவ மன்றம் 2002இல் வகுத்த தொழில்நெறி ஒழுங்குவிதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்றாண்டுகள் பேண வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கொடுக்க மறுப்பது தொழில்முறைத் தவறு என்றும் அவ்விதிகளிலேயே உள்ளது. அதற்கு முன்பே, 1996இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மருத்துவமனையோ மருத்துவரோ இரகசியம் என்று காரணம் காட்டி நோயாளிக்கும் நெருங்கிய உறவினருக்கும் கோப்பின் நகலை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2004இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனம் தொடர்பான வழக்கில் இதே திசையில் மேலும் நடந்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2018இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனம், உள்நோயாளியாக இருக்கும்போது 24 மணி நேரத்துக்குள்ளும் வீடு திரும்பிய பின் 72 மணி நேரத்துக்குள்ளும் நகல் கிடைக்க வேண்டும் என்கிறது.

இத்தனை ஆவணங்களிலும் மணிக்கணக்கு துல்லியமாக இருக்கிறது. ரூபாய்க் கணக்கு இல்லை. 2002ஆம் ஆண்டு விதி கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பம்பாய்த் தீர்ப்பு, நகலுக்குரிய செலவை வாங்கிக்கொள்ளலாம் என்று இசைவளித்து நின்றுவிட்டது. உரிமைச் சாசனம் ‘உரிய’ கட்டணம் என்கிறது. உரியது எது என்பதை யார் முடிவு செய்வது? கோப்பைக் கையில் வைத்திருப்பவரே முடிவு செய்கிறார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்த ஒருவரின் கோப்பு 300 பக்கம் என்று கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகள் பக்கத்துக்கு 2 ரூபாய் என்கின்றன. கர்நாடக விதிகளும் அதே தொகையையே வைத்துள்ளன. அவ்வகையில் 600 ரூபாய் ஆகும். பக்கத்துக்கு 10 ரூபாய் என்றால் 3,000. அத்துடன் தேடும் கட்டணமும் சேர்ந்தால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு அது பல நாள் கூலி. மேலும், செலவு அச்சாளரத்தில் மட்டும் நிகழ்வதில்லை. முதல் நாள் விண்ணப்பம், ‘பிறகு வாருங்கள்’ என்ற பதிலுக்காக இரண்டாம் பயணம், கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருப்பதால் மூன்றாம் பயணம் என்று ஒவ்வொன்றும் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் ஆகும். இலட்சக்கணக்கில் கட்டிய சிகிச்சைக் கட்டணத்துடன் ஒப்பிட்டால் நகல் கட்டணம் அற்பம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இலட்சங்களைக் கட்டி முடித்து, கடன்பட்டு நிற்பவரிடம்தான் இது கேட்கப்படுகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தின் ஒப்பீடு இன்னொரு வகையிலும் பயன்படும. விக்டோரியா, பௌரிங் போன்ற அரசு மருத்துவமனைகளும் நிம்ஹான்ஸ் போன்ற மத்திய நிறுவனமும் பொது அதிகார அமைப்புகள் ஆகையால், அங்கு சிகிச்சை பெற்றவர் தம் கோப்பை அச்சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். விலைக்கு உச்ச வரம்பு உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது சட்டத்தின் 7(6) பிரிவு: குறித்த காலத்துக்குள் தகவல் தரப்படாவிட்டால் அதன்பின் இலவசமாகத் தந்தாக வேண்டும். தாமதத்தின் செலவு தாமதித்தவரையே சாரும் என்ற இவ்வெளிய ஏற்பாடு தனியார் மருத்துவமனைக்கு எதிரே நிற்கும் நோயாளிக்கு இல்லை. மத்தியத் தகவல் ஆணையராக இருந்த மாடபூஷி ஸ்ரீதர் ஆச்சார்யுலு 2014இல் பிறப்பித்த ஆணை ஒன்றில், தன் மருத்துவப் பதிவைப் பெறுவது அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் எதிராக நோயாளிக்குள்ள உரிமை என்று விளக்கினார். ஆனால் ஆணையத்தின் கை தனியார் சாளரம் வரை நேரடியாக நீளாது.

72 மணி நேர விதியின் ஆழமான குறை வேறொன்று. அது மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது, மருத்துவமனையைக் கட்டுப்படுத்தவில்லை. 2002இல் விதி எழுதியவர்களின் மனத்தில் இருந்தது தன் பெயர்ப் பலகையின்கீழ்த் தன் மேசை இழுப்பறையில் கோப்புகளை வைத்திருந்த மருத்துவர் போலும். இன்றைய பெங்களூரில் கோப்பு நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. கட்டணத்தை நிர்வாகப் பிரிவு நிர்ணயிக்கிறது. சாளரத்தில் இருப்பவர் ஒப்பந்த ஊழியராகவும் இருக்கலாம். தொகை மிகை என்று கர்நாடக மருத்துவ மன்றத்தை நாடினால், மன்றம் விசாரிக்கக்கூடியது சிகிச்சையளித்த மருத்துவரை. அவருக்கோ கட்டணப் பட்டியலில் ஓர் எண்ணையும் மாற்றும் அதிகாரம் இல்லை. தொகையை நிர்ணயித்த மேலாளர் மருத்துவர் பதிவேட்டில் இல்லாதவர். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிகளும் இதைச் சரிசெய்யவில்லை. 72 மணி நேரத்தை ஐந்து வேலை நாட்களாக நீட்டின. அதே மாதத்திலேயே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

கோப்பு கிடைக்காமல் போவதன் விளைவு எங்கே வெளிப்படுகிறது? 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கி அளிக்கும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு செய்ய வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் முறையீட்டுக் கட்டணம் இல்லை. எளியவர் பணமின்றி ஆணையத்தின் வாயிலை அடைய வேண்டும் என்று அரசு எண்ணியதன் அடையாளம் அது. ஆனால் வெறுங்கையுடன் வாயிலை அடைந்து பயன் இல்லை. மருத்துவரின் கவனக்குறைவை நிறுவ இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு குற்றவியல் புகாருக்கு அதை ஏறத்தாழக் கட்டாயமாக்கியது. கருத்துச் சொல்ல இசையும் மருத்துவர் முதலில் கேட்பது கோப்பைத்தான். ஆகவே ஆணையம் வாங்காத கட்டணத்தை மருத்துவமனை வாங்குகிறது. அதுவும் எதிர்த்தரப்பாக வரப்போகும் மருத்துவமனை. எதிர்த்தரப்புக்கே செலுத்தும் நீதிமன்றக் கட்டணம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. காலக்கெடுவின் கடிகாரமோ சாளரத்தின் முன் காத்திருக்கும் நாட்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனைகளின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. கோப்பைப் பேணுவதற்கு இடமும் ஆளும் வேண்டும். கேட்பவர் உண்மையிலேயே நோயாளியா, சொத்துத் தகராறில் உள்ள உறவினரா என்று சரிபார்க்காமல் கொடுத்துவிட முடியாது; எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலம் போன்றவை அடங்கிய கோப்பு தவறான கைக்குப் போனால் ஏற்படும் தீங்கு பெரிது. மனநலக் கோப்புகளைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட செய்தியை வெளியிடுவது கடுமையான தீங்கை விளைவிக்கும் என்றால் அதை மட்டும் நிறுத்திவைக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே இடமளிக்கிறது. இவையெல்லாம் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கான காரணங்கள். விலைக்கான காரணங்களாக இவை எப்படி மாறின என்பதுதான் விளங்கவில்லை. பதிவேட்டைப் பேணுவது சட்டம் விதித்த கடமை. அதன் செலவு படுக்கைக் கட்டணத்திலும் பதிவுக் கட்டணத்திலும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. தேடும் கட்டணம் என்பது, ஒழுங்காக அடுக்கிவைக்காததன் செலவை அடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவரிடமே மீண்டும் வாங்குவதாகும்.

பல்கலைக்கழகத்தினர் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ராஜீவ் காந்தி நலவாழ்வு அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் முதுநிலை ஆய்வேடுகளில், பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து தரவு எடுத்து எழுதப்படுபவையும் உள்ளன. இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை இன்ன நோயுடன் வந்தவர்களின் கோப்புகள் அலமாரியிலிருந்து இறக்கப்படும். அடையாளம் நீக்கப்பட்ட கடந்தகாலத் தரவுக்கு நோயாளியின் ஒப்புதலிலிருந்து விலக்களிக்க நெறிமுறைக் குழுவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. அது சரியான ஏற்பாடே. அவ்வகை ஆய்வு இல்லாமல் மருத்துவ அறிவு வளராது. ஆயினும் காட்சியை முழுமையாகப் பார்க்க வேண்டும். ஒரே கோப்பு, ஆய்வாளர் தம் துறைத் தலைவரின் கடிதத்துடன் சென்றால் திறக்கிறது, நோயாளி தம் அடையாள அட்டையுடன் சென்றால் ரசீது கேட்கிறது. எவருடைய உடம்பைப் பற்றி அது எழுதப்பட்டதோ அவரே அதைப் படிக்கப் பணம் கட்டும் வாசகர் ஆகிறார். நெறிமுறைக் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள் தரவின் இரகசியத்தைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கிறார்கள். தம் நிறுவனத்தில் ஒரு நோயாளி அதே கோப்பை எந்த விலைக்குப் பெறுகிறார் என்ற கேள்வியையும் அங்கே எழுப்பலாம்.

கோப்பின் உரிமையாளர் யார் என்பதற்கு மத்திய நலவாழ்வு அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு மின்னணு நலவாழ்வுப் பதிவுத் தரநிலைகள் தெளிவான விடையே தந்துள்ளன: பதிவு மருத்துவமனையிடம் நோயாளியின் சார்பில் நம்பி ஒப்படைக்கப்பட்டது, அதிலுள்ள தரவு நோயாளியுடையது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992இல் மெக்கினர்னி வழக்கில் ஏறத்தாழ இதையே சொன்னது. காகிதம் மருத்துவருடையது, செய்தி நோயாளியுடையது.

விலையைப் பற்றியும் பிற நாடுகள் தயங்கவில்லை. ஜெர்மனியில் ஒருவர் தம் பல் மருத்துவரிடம் கோப்பின் நகலைக் கேட்டார். சிகிச்சையில் பிழை நேர்ந்ததா என்று பார்ப்பதே அவர் நோக்கம். நகல் செலவை நோயாளி ஏற்க வேண்டும் என்று அந்நாட்டு உரிமையியல் சட்டம் இருந்ததால் மருத்துவர் பணம் கேட்டார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. 2023 அக்டோபர் 26 அன்று வந்த தீர்ப்பு, முதல் நகல் இலவசம் என்றது; எதற்காகக் கேட்கிறார் என்று நோயாளி காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றது; மருத்துவருக்கு எதிராக வழக்குத் தொடுப்பதே நோக்கமாயினும் உரிமை குறையாது என்றது. பிரிட்டனில் காகிதக் கோப்புக்கு 50 பவுண்டு வரை வாங்கப்பட்ட கட்டணம் 2018 மே 25 முதல் நீக்கப்பட்டது. சந்தையைப் போற்றும் அமெரிக்காவிலேயே நோயாளியிடம் நகலெடுக்கும் உழைப்புக்கும் பொருளுக்கும் அஞ்சலுக்கும் மட்டுமே வாங்கலாம். தேடி எடுப்பதற்கு வாங்கக்கூடாது. (வழக்கறிஞர் போன்ற மூன்றாம் தரப்புக்கு அனுப்பச் சொன்னால் அந்த வரம்பு பொருந்தாது என்று 2020இல் அங்கு ஒரு தீர்ப்பு வந்தது, எனவே அந்நாட்டை முழுதும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை.)

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்ப்பவர்கள் அதன் 11ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தரவுக்குரியவர் கேட்டுப் பெறக்கூடியது தம் தரவின் ‘சுருக்கம்’. மருத்துவக் கோப்பைப் பொறுத்தவரை சுருக்கத்துக்கும் முழு நகலுக்கும் இடையேதான் வழக்கின் உயிரே இருக்கிறது என்பது மேலே கண்டது. 2021 செப்டம்பரில் நாடு முழுதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் எண்ணிம இயக்கமும் அப்படியே. கைப்பேசியில் மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வந்து சேரலாம். இரவுப் பணிச் செவிலியரின் குறிப்பேட்டுக்கு அதில் தனி இடம் இல்லை. காப்பீடு உள்ளவருக்கு மட்டும் ஓர் ஆறுதல் கிடைத்துள்ளது: உரிமைக் கோரலுக்கு வேண்டிய ஆவணங்களை நிறுவனமே மருத்துவமனையிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் ஆணையிட்டது. காப்பீடு இல்லாதவர் சாளரத்தின் முன்தான் நிற்கிறார்.

டெல்லியை எதிர்பார்க்காமல் கர்நாடகமே செய்யக்கூடியது இது. தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாநிலத்தில் இருக்கிறது. 2017இல், நலவாழ்வு அமைச்சராக கே.ஆர். ரமேஷ் குமார் இருந்தபோது, நீதிபதி விக்ரமஜித் சென் குழுவின் ஆய்வுக்குப் பின் அச்சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தனியார் மருத்துவர்கள் புற நோயாளி சிகிச்சையை நிறுத்திப் போராடினர், மாநிலமே தத்தளித்தது. சிறைத் தண்டனை, சிகிச்சைக் கட்டண வரம்பு, மாவட்டக் குறைதீர் அமைப்பு ஆகியவற்றைச் சுற்றியே சர்ச்சை முழுதும் சுழன்றது. இறுதியில் நீர்த்த வடிவில் திருத்தம் நிறைவேறி, நோயாளர் சாசனமும் மாவட்ட அளவிலான குறைதீர் அமைப்பும் கிடைத்தன. பெரிய சண்டைகளின் இரைச்சலில் நகல் கட்டணம் என்ற சிறிய விஷயம் எவர் காதிலும் விழவில்லை. ஆனால் மருத்துவரைக் கடந்து நிறுவனத்தையே பிடிக்கும் சட்டம் இதுதான்; 2002ஆம் ஆண்டு விதியால் தொட முடியாத மேலாளரை இதனால் தொட முடியும்.

இதற்குப் புதிய சட்டமன்றப் போராட்டம் வேண்டியதில்லை. விதிகளில் சில வரிகள் போதும். முதல் நகல் இலவசம். கணினியில் உள்ள கோப்பு மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ இலவசம். இரண்டாம் நகலுக்குத் தகவல் உரிமை விதிகளின் 2 ரூபாயே உச்சம். தேடும் கட்டணம் கூடாது. 72 மணி நேரம் கடந்தால் எந்த நகலுக்கும் பணம் வாங்கக்கூடாது. இவற்றில் இறுதியானதே மிகவும் இன்றியமையாதது. மற்றவை மறுக்கப்பட்டாலும் அது ஒன்று கிடைத்தால் மூன்றாம் பயணம் நின்றுவிடும்.

அதுவரை செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. சிகிச்சைக் கட்டணங்களை நோயாளிகள் அறியுமாறு வெளியிட வேண்டும் என்று இச்சட்டம் ஏற்கெனவே கூறுகிறது. பெங்களூர் மருத்துவமனைகளின் வரவேற்பறைகளில் அறை வாடகையும் ஆலோசனைக் கட்டணமும் எழுதிய பலகைகள் தொங்குவதைக் காணலாம். கோப்பு நகலுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்று வரிகளை அப்பலகையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், ஓசூர்ச் சாலையை ஒட்டிய மருத்துவமனைகளிலாவது தமிழிலும், எழுதிவைக்குமாறு மாவட்டக் குறைதீர் அமைப்பு நாளையே கேட்கலாம்.